மேடையில் ஓடிய டெமோ உங்கள் தளத்தில் ஓடுமா?

வெப் டெவலப்மென்ட் மாநாட்டில் வெள்ளிக்கிழமை பார்த்ததைத் திங்கட்கிழமையே, பயனர்களிடம் நேரடியாகப் போகும் ப்ரொடக்‌ஷன் கோடில் சேர்த்துவிடாதீர்கள். மேடையில் காட்டப்படுபவை எல்லாம் ஒரே பக்குவத்தில் இருப்பதில்லை. சில வெந்து இறக்கியவை, சில அப்போதுதான் உலையில் ஏறியவை. டெமோவில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடும்.

பாரிஸில் 2014 அக்டோபரில் நடந்த என்ஜி-யூரோப் மாநாட்டில், ஆங்குலர் என்ற ஃபிரேம்வொர்க்கின் அடுத்த வெர்ஷனான ஆங்குலர் 2-இல், பழையதன் அடிப்படையாக இருந்த கன்ட்ரோலரும் ஸ்கோப்பும் இருக்காது என்று அறிவித்தார்கள். அது வெளிவந்தது 2016 செப்டம்பரில். இடையில், பக்கங்களுக்கு இடையே வழிகாட்டும் அதன் ரவுட்டரே ஒருமுறைக்கு மேல் திருத்தி எழுதப்பட்டது. முந்திக்கொண்டு பயன்படுத்தியவர்களும் கூடவே தங்கள் கோடைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ரியாக்ட் என்ற லைப்ரரியின் ஹூக்ஸ் வசதியோ, 2018 அக்டோபர் ரியாக்ட் கான்ஃபில் அறிமுகமாகி 2019 பிப்ரவரியிலேயே 16.8 வெர்ஷனில் நிலையாகிவிட்டது. எது எவ்வளவு காலம் எடுக்கும் என்பதைக் கைதட்டலை வைத்துக் கணிக்க முடியாது.

எனவே ஸ்லைடில் உள்ளதை எழுதிக்கொண்டே இருக்காதீர்கள். பெரும்பாலான உரைகளின் வீடியோ பின்னால் கிடைத்துவிடும். குறிக்க வேண்டியவை வேறு: டெமோ ஓடிய பிரவுசர் எது, அதில் சோதனை வசதிகளை இயக்கும் ஃபிளாக் போட்டிருந்தார்களா, லைப்ரரியின் வெர்ஷன் எண் என்ன. எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அதன் ஏபிஐ (நம் கோடு அதை அழைக்கும் முறை) எப்போது வேண்டுமானாலும் மாறலாம். வெர்ஷன் எண்களுக்கான செம்வர் விதியே அதற்கு இடம் தருகிறது. பேச்சாளரைத் தேநீர் இடைவேளையில் பிடித்து, "இதை ப்ரொடக்‌ஷனில் போட்டபோது முதலில் எது உடைந்தது?" என்று கேளுங்கள். மேடையில் வராத பதில் அங்கேதான் வரும்.

பிரவுசர் வசதி என்றால், அது முக்கிய பிரவுசர்களில் வந்துவிட்டதா என்று காட்டும் பேஸ்லைன் நிலையைப் பாருங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் வந்ததும் ஒரு வசதி 'புதிதாகக் கிடைப்பது' என்ற நிலையை அடைகிறது. 30 மாதம் கழிந்தபின் 'பரவலாகக் கிடைப்பது' ஆகிறது. இந்த 30 மாதத்தை அவசரப்பட்டுத் தாண்டுபவர்கள் ஐபோனில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் பக்கத்தைத் திரையில் காட்டும் சஃபாரி இன்ஜின் ஐஓஎஸ் அப்டேட்டோடு சேர்ந்தே வருகிறது. நம் நாட்டில் ஐபோனில் ஓடும் குரோமுக்கும் அதே இன்ஜின்தான். அப்டேட் நின்றுபோன பழைய ஐபோனில் குரோமை எத்தனை முறை புதுப்பித்தாலும் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் புது சிஎஸ்எஸ் வசதிகள் வராது.

ஆதரவு இல்லாத இடத்தில் கோடு எப்படி உடையும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத சிஎஸ்எஸ் ப்ராப்பர்ட்டியை பிரவுசர் ஓசையில்லாமல் விட்டுவிடும். மற்றவை வேலை செய்யும். ஒரு விதி பக்கத்தின் எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்று சொல்லும் செலக்டர் அப்படியல்ல. கமா போட்டு எழுதிய பட்டியலில் 'ஹேஸ்' (:has) போன்ற ஒரு செலக்டர் புரியவில்லை என்றால் அந்த விதி முழுவதுமே போய்விடும், ஆகவே அதைத் தனி விதியாக எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் இல்லாத ஃபங்ஷனை அழைத்தால் அந்த வரியில் பிழை வரும். புரியாத சின்டாக்ஸ் ஒன்று இருந்தாலோ அந்த ஃபைல் மொத்தமும் ஓடாது, பக்கம் வெறுமையாக நிற்கலாம். பக்கம் மாறும்போது அனிமேஷன் காட்டும் வியூ டிரான்ஸிஷன் போன்றவற்றுக்கு, அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இல்லையென்றால் அனிமேஷன் இல்லாமல் பக்கத்தை மாற்றினால் போதும். பயனருக்கு எதுவும் குறையாது.

பிடித்த ஒன்றைத் தனி பிராஞ்சில் (கோடின் தனிப் பிரதியில்) அரைநாள் சோதியுங்கள். உங்கள் தளத்திலேயே மிகச் சிக்கலான பக்கத்தை எடுங்கள். டூடூ பட்டியல் போன்ற எளிய டெமோவில் எல்லா ஃபிரேம்வொர்க்கும் அழகாகத்தான் இருக்கும். வெர்ஷனைத் துல்லியமாகப் பூட்டுங்கள், அந்த வெர்ஷன்களைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைலையும் கமிட் செய்யுங்கள். பண்டில் (பிரவுசருக்குப் போகும் கோடுத் தொகுப்பு) அளவு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று குறியுங்கள். குரோம் டெவ்டூல்ஸில் சிபியு வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து ஓட்டுங்கள், பிறகு நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்றிலும் பாருங்கள். பேச்சாளரின் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு போனது இங்கே திக்கித் திணறினால் காரணம் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டின் எடைதான்.

டீமுக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்: இப்போதே எடுப்பவை, காத்திருப்பவை, வேண்டாதவை. காத்திருப்பவை ஒவ்வொன்றுக்கும் எதிரே, எது நடந்தால் எடுப்போம் என்பதையும் மறுபடி பார்க்க வேண்டிய தேதியையும் எழுதி, அந்தத் தேதியை அன்றைக்கே டீம் காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.