சொடுக்கினால் மட்டும் கடிதம் போய்விடாது

கோத்தகிரிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் சென்ற வாரம் வந்தார். சீசன் முழுவதும் இணையதளம் வழியாக ஒரு விசாரணைகூட வரவில்லையாம். திறந்து பார்த்தேன். 'எங்களுக்கு எழுதுங்கள்' பொத்தானுக்குப் பின்னால் வெறும் மெயில்டூ (mailto) இணைப்பு, அதாவது சொடுக்கியவரின் அஞ்சல் நிரலைத் திறக்கச் சொல்லும் இணைப்பு. இந்த ஆண்டில் நான் பார்க்கும் ஏழாவது தளம் இது.

"என் கணினியில் சொடுக்கினால் திறக்கிறதே?" என்றார். எல்லா உரிமையாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள். உங்களிடம் திறக்கும் ஐயா, யாரோ உங்களுக்கு அவுட்லுக் என்ற அஞ்சல் நிரலை நிறுவி, கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்து வைத்திருக்கிறார். வருபவரிடம் அது இருக்கிறதா? மெயில்டூவுக்குக் கடிதம் அனுப்பத் தெரியாது. 1994-இல் வெளியான இணைய முகவரி வரையறையிலேயே இருக்கும் பழைய வசதி அது. 'இந்த முகவரிக்கு எழுத, உன்னிடமுள்ள அஞ்சல் நிரலைத் திற' என்று எதிரிலுள்ள கருவியிடம் சொல்வதோடு அதன் வேலை தீர்ந்தது. ஜிமெயிலை பிரவுசரில் மட்டுமே படிப்பவருக்கும், அலுவலகக் கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கும் பல நேரம் ஒன்றுமே நடக்காது. இல்லாவிட்டால் 'கணக்கை அமைக்கவும்' என்று ஒரு சன்னல் முளைக்கும். கோயம்புத்தூரில் மதிய இடைவேளையில் மே மாதத்துக்கு அறை தேடுபவர் அதை அமைத்துக்கொண்டிருப்பாரா? அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். அவர் வந்துபோனதே உங்களுக்குத் தெரியாது.

சிலர் படிவம் வைத்துவிட்டு, அதன் முடிவில் அதே மெயில்டூவைக் கோத்துவிடுகிறார்கள். இது இன்னும் கொடுமை. தேதி, ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் தட்டச்சு செய்தவரின் உழைப்பும் வீண்.

படிவம் உங்கள் சர்வருக்குப் போக வேண்டும். கடிதத்தை சர்வர் அனுப்ப வேண்டும். வருபவருக்கு பிரவுசர் ஒன்றே போதும். ஆனால் அனுப்புநர் இடத்தில் விருந்தினரின் முகவரியைப் போடாதீர்கள். யாஹூ முகவரியின் பெயரில் உங்கள் சர்வர் அனுப்பினால் அது போலிக் கடிதம்போலத்தான் தெரியும். அனுப்புநர் முகவரி உண்மையா என்று பார்க்கும் டிமார்க் (DMARC) சோதனையில் தள்ளுபடி ஆகும். அனுப்புநர் உங்கள் தளத்தின் முகவரி, பதில் முகவரி விருந்தினருடையது. பெயர், பொருள் கட்டங்களில் வரிமுறிவை ஏற்காதீர்கள். வரிமுறிவுக்குப் பின் வேறு பெறுநர் முகவரிகளைச் செருகி, அந்த ஓட்டை வழியாக உங்கள் சர்வரிலிருந்து ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்புவார்கள். சர்வரில் ஓடும் பிஎச்பி (PHP) நிரல்மொழியின் மெயில் கட்டளை 'சரி' என்று சொன்னால் கடிதம் சேர்ந்துவிட்டது என்று பொருளல்ல, அனுப்ப ஏற்றுக்கொண்டது என்றுதான் பொருள். ஆகவே ஒவ்வொரு விசாரணையையும் தரவுத்தளத்தில் ஒரு பிரதி எழுதி வையுங்கள்.

நம் மலையில் இன்னொன்றும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய்விடும். அனுப்புதல் தவறினால் எழுதியதெல்லாம் அழிந்துபோகாதபடி படிவத்தை அமையுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வண்டியில் வர இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்த பிறகு, வெளியூர்க்காரர்கள் கிளம்பும் முன்பே கேட்கிற கேள்விகள் கூடியிருக்கின்றன. மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நகலெடுக்கும்படி எழுத்தாகவே பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

ஏப்ரல் பிறப்பதற்கு முன் ஒருமுறை, உங்கள் கணினியில் அல்லாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைபேசியிலிருந்து உங்களுக்கே எழுதிப் பாருங்கள். தயவுசெய்து.

கோத்தகிரிக்காரரின் படிவத்தை அன்று மாலையே மாற்றினோம். முதல் சோதனைக் கடிதம் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தது; தளத்தின் பெயரில் எந்த சர்வர் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் (SPF) பதிவைச் சேர்த்து அதைச் சரிசெய்ய இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது.