காலண்டர் கட்டத்துக்குள் என்டர் தட்டாதீர்கள்

ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானதிலிருந்து தை பிறக்கும்வரை சிவகாசியில் எங்களுக்குக் காலண்டர் வேலைதான். 2026-க்கான வேலை நடந்தபோது ஒரு வாடிக்கையாளர், வெளியில் ஒரு டிசைனரிடம் செய்து வாங்கிய ஃபைலைக் கொண்டுவந்தார். பிளேட் (அச்சுத் தகடு) போட்டு மூவாயிரம் தாள் ஓட்டியாகிவிட்டது. தாள் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "அண்ணே, மே மாசம் முப்பதோட முடியுதே?"

31 இல்லை. அந்த சீசனில் இப்படி வந்த நாலாவது ஃபைல் அது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபைலை இன்டிசைன் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் திறந்து பார்த்தோம். 2026 மே 1 வெள்ளிக்கிழமை. ஞாயிறில் தொடங்கும் கட்டத்தில் அந்த மாதத்துக்கு ஆறு வரிசை வேண்டும். ஆறாவது வரிசையில் 31 மட்டும் தனியாக நிற்கும். டிசைனர் ஆறு வரிசை போட்டுத்தான் இருந்தார். கடைசி நேரத்தில் உரிமையாளர் ஒரு தேதிக்குக் கீழே 'கடை ஆண்டு விழா' என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த வரி நுழைந்ததும் இரண்டாவது வரிசை உயர்ந்தது, ஆறாவது வரிசை டெக்ஸ்ட் ஃபிரேமுக்கு, அதாவது எழுத்து நிற்கும் பெட்டிக்கு, வெளியே போய்விட்டது. உள்ளே அடங்காதது இருக்கிறது என்று சொல்ல ஃபிரேமின் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி வந்திருக்கும். டிசைனர் பிரிவ்யூவில், அதாவது அச்சில் வருவதை மட்டும் காட்டும் பார்வையில், வைத்துப் பார்த்திருக்கிறார், அதில் அந்தக் குறி தெரியாது.

ஒரு வரி சேர்த்ததற்கே வரிசை ஏன் உயர வேண்டும்? கட்டத்தில் இடம் நிறைய இருந்ததே? இருந்தது. ஆனால் தேதிக்கு மேலே மூன்று காலி வரிகள் உட்கார்ந்திருந்தன. தேதியைக் கட்டத்தின் நடுவுக்கு இறக்குவதற்காக என்டர், என்டர், என்டர்.

"கண்ணுக்குச் சரியாத்தானே சார் இருக்கு" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காலி வரி காலியானது இல்லை. அதற்கும் எழுத்தளவு உண்டு, வரி இடைவெளி உண்டு. வரி இடைவெளியை மென்பொருளே வைக்கும் ஆட்டோ லீடிங் என்றால் எழுத்தளவில் 120 சதவீதம். 12 புள்ளி (பாயின்ட்) எழுத்தில் ஒரு என்டர் 14.4 புள்ளி எடுக்கும். நாலு என்டர் தட்டினால் 57.6 புள்ளி, அதாவது 2 சென்டிமீட்டர். தேதிக்கான 36 புள்ளி எழுத்து அந்தக் காலி வரியிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு என்டரும் 43.2 புள்ளி. 31 கட்டத்திலும் இப்படிக் கையால் தட்டியிருப்பீர்கள், ஒன்றில் மூன்று, இன்னொன்றில் நாலு. நாளைக்கு எழுத்துருவை மாற்றினால் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு மாதிரி நகரும். ஸ்பேஸ் தட்டி வலப்பக்கம் தள்ளுவதும் இதே தப்புதான்.

எழுத்து கட்டத்துக்குள் எங்கே நிற்க வேண்டும் என்பது கட்டத்தின் வேலை, எழுத்தின் வேலை இல்லை. கட்டத்துக்கான அமைப்புகள் உள்ள செல் ஆப்ஷன்ஸில் மேல், நடு, கீழ் என்று இருக்கிறது. நான்கு பக்க உள் ஓரமும் அங்கேயே இருக்கிறது. நீங்கள் தொடாதவரை 4 புள்ளி. ஒரு கட்டத்தில் சரிசெய்து, அந்த அமைப்பைச் செல் ஸ்டைலாகச் சேமியுங்கள், மற்ற கட்டங்களுக்கு அதைக் கொடுங்கள். டேபிள் ஸ்டைலில் இடது பத்திக்கென்று தனி செல் ஸ்டைல் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு அதிலேயே வந்துவிடும். பொங்கல், குடியரசு நாள் போன்ற விடுமுறைகளுக்கு இன்னொன்று. தமிழ்த் தேதி இடது மூலையிலும் பிறை வலது மூலையிலும் வர வேண்டுமா? டேப் வேண்டும். டேப் விசையை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும், அதனால் டைப் மெனுவில் சிறப்பு எழுத்துகள் பகுதியிலிருந்து எடுங்கள்.

வரிசை உயரம் செல் ஸ்டைலில் அடங்காது. அதைத் தனியாக, எல்லா வரிசைக்கும் 'எக்ஸாக்ட்லி' (சரியாக இவ்வளவு) என்று கொடுங்கள். 'அட் லீஸ்ட்' (குறைந்தது இவ்வளவு) என்று விட்டால் மே மாதக் கதைதான். ஆனால் ஒன்று: உயரத்தைப் பூட்டிவிட்டால், அடங்காத எழுத்து கட்டத்துக்குள்ளேயே மறைந்துபோகும். அமாவாசை, முகூர்த்தம் எல்லாம் இப்படித்தான் காணாமல் போகின்றன. கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும், அதுவும் அச்சில் வராது. கீழே, ஃபைலில் பிழை உண்டா என்று காட்டும் பிரிஃபிளைட் விளக்கு பச்சையாக இருந்தால்தான் பிடிஎஃப் எடுக்க வேண்டும்.

ஜனவரியில் ஐந்து வரிசை போட்டு அதையே பன்னிரண்டு மாதத்துக்கும் நகலெடுக்காதீர்கள். 2026 பிப்ரவரிக்கு நாலு வரிசை போதும், மே, ஆகஸ்டுக்கு ஆறு. 2027-இல் ஜனவரி, மே, அக்டோபர் மூன்றுக்கும் ஆறு. முதலிலேயே ஆறு வரிசைக்குக் கணக்குப் பண்ணுங்கள். நம் வழக்கப்படி 30, 31-ஐ முதல் வரிசையின் காலிக் கட்டங்களில் ஏற்றலாம், தப்பில்லை. வாடிக்கையாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், எழுத்துரு. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பண்டிகைப் பெயருக்கு யூனிகோட் எழுத்துரு உள்ள ஸ்டைலைக் கொடுத்தால் அது ஆங்கில எழுத்தாகிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யூனிகோடில் கொம்பு இடம் மாறி நின்றால் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்பதைக் கொடுங்கள், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோர்ப்பது அதுதான். சின்ன எழுத்துக்கெல்லாம் கறுப்பு மட்டும், 100 சதவீதம். நாலு நிறமும் கலந்த கறுப்பில் நட்சத்திரத்தின் பெயரைப் போட்டுவிட்டு, பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும் மங்கலாகிறது என்று மெஷின்காரரைத் திட்டுகிறார்கள். பாவம் அவர்.

அந்த மூவாயிரம் தாளையும் மறுபடி ஓட்டினோம். தாள் செலவை அந்த டிசைனர்தான் ஏற்றார். இப்போதுதான் தொழிலுக்கு வந்த பையன். பணம் கொடுக்கும்போது கை நடுங்கியது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. என்டர் தட்டித்தான் யாரோ அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஃபைலை பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் பன்னிரண்டு தாளையும் சாதாரணப் பிரின்டரில் எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசித் தேதியில் விரல் வைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் 28 (லீப் ஆண்டில் 29), ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பரில் 30, மற்றதில் எல்லாம் 31. ஐந்து நிமிடம்கூட ஆகாது.