‘மூலம்’ என்ற சொல்லை விடாதீர்கள்

2020 மே மாதக் கடைசியில் டிவியில் ஒரு வரி ஓடியது: ‘ஆரோக்கிய சேது செயலி இலவசமாக வெளியீடு’. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “போன மாசமே காசு குடுக்காமத்தானே இதை ஏத்தினேன்? இப்ப என்ன புதுசா இலவசம்?”

சரியான கேள்வி. கொரோனா தொற்றாளரோடு தொடர்பு இருந்ததா என்று கண்டறிய அரசு கொண்டுவந்தது, ஏப்ரல் 2இல் வந்தபோதே எல்லோருக்கும் சும்மா கிடைத்த செயலி அது. மே 26 அன்று மத்திய அரசு வெளியிட்டது, அதன் ஆன்ட்ராய்டு வடிவத்தின் மூல நிரலை, அதாவது செயலியை உருவாக்க எழுதிய வரிகளை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், எவரும் எடுத்துத் திருத்திப் பகிர இடம்தரும் அப்பாச்சி 2.0 உரிமத்தோடு. இப்படி அரசு மென்பொருள் ஓப்பன் சோர்ஸ் ஆகிறது என்றாலே ‘இலவசம்’ என்று எழுதுவது இன்றுவரை நிற்கவில்லை. போன வாரமும் ஒன்று படித்தேன்.

இத்தனைக்கும் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற தொடர் பிறந்ததே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். 1980களில் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் சுதந்திரம் என்ற பொருளில் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்றார். கேட்டவர்கள் காசில்லாதது என்று எடுத்துக்கொண்டார்கள். 1998இல் கிறிஸ்டின் பீட்டர்சன் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரைச் சொன்னார். அதையே நாம் மறுபடி இலவசம் ஆக்கினால் எப்படி? ‘கட்டற்ற மென்பொருள்’ என்று முதலாவதற்கும் ‘திறமூல மென்பொருள்’ என்று இரண்டாவதற்கும் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன.

அப்புறம், ஓப்பன் சோர்ஸுக்குச் சிலர் சொல்லும் ‘திறவூற்று’. இதை ஆக்கியவர்களின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. ‘மூலம்’ வடசொல், அதனால் ‘ஊற்று’ என்கிறார்கள். ஊற்றுக்கண் திறந்தால் நமக்குக் கிடைப்பது என்ன? தண்ணீர். குடிக்கலாம், குடத்தில் எடுத்துப் போகலாம். மென்பொருளில் அதற்கு நிகர் செயலியைப் பயன்படுத்துவது. அதாவது சுற்றிவந்து மறுபடி ‘இலவசத்தில்’தான் நிற்கிறோம். தவிர, ஊற்று தானாகச் சுரப்பது. நிரல் சுரப்பதில்லை, யாரோ உட்கார்ந்து வரிவரியாக எழுதுகிறார்கள். அந்த எழுத்தை மனிதர் படிக்கலாம். அதிலிருந்து தொகுத்த இன்னொரு வடிவம்தான் போனில் ஏறுகிறது. முதலில் எழுதப்பட்ட பாடம், அதிலிருந்து வந்த வடிவம் என்ற இந்த உறவை ‘ஊற்று’ சொல்லவே இல்லை.

‘மூலம்’ சொல்கிறது. ‘திருக்குறள் மூலமும் பரிமேலழகர் உரையும்’ என்று அட்டையில் போட்டால் யாருக்காவது விளங்காமல் போகிறதா? மூலம் என்றால் குறட்பாக்கள், ஆசிரியர் எழுதிய பாடம். நிலம் வாங்கப் போனால் எடுத்தவுடன் கேட்பது ‘மூலப்பத்திரம் இருக்கா?’ என்றுதான். எழுத்தில் இருக்கும் முதல் சான்று, பின்னால் வந்ததெல்லாம் சரியா என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூல நிரலும் அப்படியே. வடமொழி வேர் என்பதற்காக, பத்திர எழுத்தர் முதல் புலவர் வரை கையாளும் ஒரு சொல்லை விலக்கிவிட்டு, விளக்கம் சொன்னாலொழியப் புரியாத ஒன்றை வைப்பது தமிழுக்கு நல்லதாகப் படவில்லை. ‘மூலநோய் நினைவுக்கு வருகிறதே’ என்பார்கள். ‘கால்’ என்றால் உறுப்பு, கால்பங்கு, காற்று. இடம் பார்த்துத்தானே பொருள் கொள்கிறோம்? ‘திறமூலம்’ ஊறுகாய் போல வினைத்தொகை, இலக்கணமும் இடிக்கவில்லை.

வினையாக வரும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘திறந்துவிட்டது’, ‘பொதுவெளிக்குக் கொண்டுவந்தது’ எல்லாம் மழுப்பல். நிரலைப் பார்க்க விடுவது வேறு, எடுத்துத் திருத்திப் பகிர உரிமம் தருவது வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் திறமூலம். அரசு விஷயத்தில் இது சின்ன வேறுபாடு இல்லை. அப்போதே 11 கோடிக்கும் மேற்பட்டோர் போனில் இருந்த செயலி அது. இருப்பிடத் தகவலைக் கேட்டது. அது என்ன செய்கிறது என்று வெளியாள் ஒருவர் வரிவரியாகச் சரிபார்க்க முடியுமா என்பதுதான் செய்தி. ஆங்கிலக் குறிப்பை அவசரமாகப் பெயர்ப்பவர்கள் அந்தச் செய்தியையே தொலைத்துவிட்டு, விலை எழுதுகிறார்கள்.

‘ஆரோக்கிய சேது ஆன்ட்ராய்டு செயலியின் மூல நிரல் வெளியீடு, எவரும் திருத்திப் பயன்படுத்த உரிமம்’. இவ்வளவுதான் வேண்டியிருந்தது. சர்வரில் ஓடும் நிரல் அன்றைக்கு வெளிவரவில்லை என்பதும் அந்த வரியிலேயே கவனமாகப் படிப்பவருக்குத் தட்டுப்பட்டிருக்கும்.