பாறைக்குள் எண்ணெய், காவலுக்குத் தண்ணீர்

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். அரசு பூமிக்கடியில் கச்சா எண்ணெயைச் சேமித்து வைத்திருக்கிறதாமே, பெட்ரோல் விலை ஏறும்போது அதைத் திறந்துவிட்டால் என்ன? அப்புறம், அந்த எண்ணெய் பாறை வெடிப்பு வழியாக இறங்கிக் கிணற்று நீரைக் கெடுத்துவிடாதா? தோல் பதனிடும் கழிவால் கிணறுகள் பாழானதைக் கண்ணால் பார்த்த பகுதி இது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் போன விவகாரம். இரண்டாவது கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் கேள்விக்குக் கணக்கே பதில். விசாகப்பட்டினத்திலும் கர்நாடகத்தின் மங்களூரு, பாதூரிலும் பாறையைக் குடைந்த குகைகளில்தான் அந்த எண்ணெய் இருக்கிறது; மூன்றிலும் சேர்த்து 53.3 லட்சம் டன் வைக்கலாம். முழுக்க நிரம்பியிருந்தாலும் நாட்டுக்கு ஒன்பதரை நாள்தான் வரும். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. 2021 நவம்பரில் அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளோடு சேர்ந்து இந்தியாவும் 50 லட்சம் பீப்பாயை வெளியே விடுவதாக அறிவித்தது. உலகம் ஒன்றேகால் மணி நேரத்தில் எரித்துத் தீர்க்கும் அளவு அது. காட்பாடி பங்க்கில் வண்டிக்கு பெட்ரோல் போடுகிறவருக்கு அதனால் என்ன குறைந்துவிடும்?

சரி, பாறைக்கு வருவோம். இந்தக் குகைகளின் சுவரில் இரும்புத் தகடோ பிளாஸ்டிக் உறையோ கிடையாது. வெடிவைத்துக் குடைந்த வெறும் பாறை. கல் பெயர்ந்து விழாமலிருக்க இரும்புக் கம்பிகளை அடித்துச் சிமெண்ட் பூசியிருப்பார்கள். எண்ணெயைத் தடுப்பது அந்தப் பூச்சின் வேலை இல்லை. பாறையிலோ எப்படியும் வெடிப்புகள் இருக்கும். பிறகு எண்ணெய் ஏன் கசிவதில்லை?

நம் பக்கத்துப் பாறைக் கிணறு ஒன்றில் மோட்டார் ஓடும்போது எட்டிப் பாருங்கள். மட்டம் இறங்க இறங்க, சுவர் வெடிப்புகளிலிருந்து ஊற்று கிணற்றுக்குள் வரும். கிணற்று நீர் அந்த வெடிப்புக்குள் திரும்பிப் போகாது. சுற்றுப் பாறையில் நீர்மட்டம் உயரம், கிணற்றில் தாழ்வு. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு ஓட்டம். எண்ணெய்க் குகை என்பது மூடி போட்ட அப்படியொரு கிணறுதான்.

குகையை நிலத்தடி நீர்மட்டத்துக்கு வெகு கீழே குடைகிறார்கள். ஒவ்வொரு 10 மீட்டர் தண்ணீரும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. உள்ளேயிருக்கும் எண்ணெயும் அதன் ஆவியும் சேர்ந்து தள்ளுவதைவிட வெளியே வெடிப்புகளில் நிற்கும் நீர் பலமாகத் தள்ளும்படி ஆழத்தைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். ஆகவே எல்லா வெடிப்பிலும் கசிவு உண்டு, ஆனால் உள்நோக்கி மட்டும். உள்ளே வந்த நீர் எண்ணெயில் கலக்காமல் அடியில் போய்த் தங்குகிறது. அதைப் பம்ப் வைத்து எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள்.

கோடையில் நீர்மட்டம் இறங்கினால்? இதற்குச் செய்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. குகைக்கு மேலே தனியாகச் சிறு சுரங்கங்கள் வெட்டி, அவற்றிலிருந்து வரிசையாகத் துளைகள் போட்டு, இடைவிடாமல் தண்ணீர் ஊட்டுகிறார்கள். பெயர் நீர்த்திரை. குகையைச் சுற்றியுள்ள பாறை எப்போதும் நனைந்தே இருக்கும். விசாகப்பட்டினத்தில் சமையல் எரிவாயுவுக்கும் இப்படியொரு குகை உண்டு. எரிவாயுவைத் திரவமாகவே அடக்கி வைக்க அதிக அழுத்தம் வேண்டும் என்பதால் அது கடல் மட்டத்துக்கு 150 மீட்டருக்கும் கீழே இருக்கிறது.

தோல் கழிவு செய்த கேடு இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. அதை மேலே, திறந்த நிலத்தில் விட்டார்கள். நீர்மட்டத்தை நோக்கி அதுவாகவே இறங்கியது. ஆக, ஆம்பூர்க்காரரின் பயம் நியாயமானது. குகையில் நீர்த்திரை பழுதானால் அந்தப் பயம் அங்கும் பலிக்கும்.

நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அளக்கும் இந்த அறிவு எண்ணெய்க்குக் கிடைத்த அளவு நம் விவசாயிக்குக் கிடைக்கவில்லை. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடப்பவரிடம் பணம் கொடுத்துவிட்டு ஆயிரம் அடி போர் போடுகிறோம். அவரைத் திட்டிப் பயனில்லை. ஊருக்கு ஒரு நிலநீர் ஆய்வாளரை அனுப்பப் பணம் ஒதுக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

குகையின் அரசியல் 2020-ல் நன்றாகத் தெரிந்தது. ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கிக் குகைகளை நிரப்பினார்கள். சுமார் 5,000 கோடி ரூபாய் மிச்சம் என்றார்கள், நல்ல வேலைதான். அதே ஆண்டு மே மாதம் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாய் மத்திய வரியும் ஏறியது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியபோது மாநில அரசு தன் வரியில் 3 ரூபாயைக் குறைத்தது; அந்தக் குறைப்பு பங்க்கில் உடனே தெரிந்தது. விலையைக் கேட்டு யாரையாவது பிடிக்க வேண்டுமானால் குகைக் காவலரை விட்டுவிட்டு வரி போடுகிறவரைப் பிடியுங்கள். குகை இருப்பது போரிலோ கடல்வழி அடைபடும்போதோ வரத்து நின்றால் சமாளிக்க.

ஒடிசாவின் சண்டிகோலில் 40 லட்சம் டன்னுக்கும் பாதூரில் இன்னும் 25 லட்சம் டன்னுக்கும் 2021-ல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நம் வேலூர் மலைகளும் கடினப் பாறைதானே என்று அடுத்து யாராவது கேட்கலாம். கப்பல் வரும் துறைமுகம் பக்கத்தில் இல்லை. இருந்தாலும், பாலாறு மணலாகக் கிடக்கும் மாதங்களில் நீர்த்திரைக்குத் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவது?