இன்னும் டியூப் போடலையா?

போன வாரம் ராத்திரி இரண்டரை மணிக்கு ஒருவரை வேறொரு மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்தார்கள். குட்டைக் கழுத்து, அடர்ந்த தாடி. அங்கே ஐந்து முறை மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட முயன்றிருக்கிறார்கள். தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை விட்டுப் பார்த்தால், குரல்நாண் தெரிய வேண்டிய இடத்தில் வீங்கிய சதையும் ரத்தமும்தான். இந்த வருஷத்தில் இது நாலாவது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

மூச்சு நின்றவருக்கு வேண்டியது ஆக்சிஜன். டியூப் அது போகிற ஒரு வழி, அவ்வளவுதான். மாஸ்க்கை இறுகப் பொருத்தி ஆம்பு பையை அமுக்கும்போது நெஞ்சு ஏறி இறங்கினால், வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே நிற்கும் சித்தப்பாவுக்கோ அது "சும்மா பலூன் அமுக்குறது". "இன்னும் டியூப் போடலையா, டாக்டருக்குத் தெரியுமா தெரியாதா?" என்று அவர் சத்தம் போட, உள்ளே இருக்கும் சின்ன டாக்டர் பதறிப்போய் மறுபடியும் லாரிங்கோஸ்கோப் பிளேடை எடுப்பார். ஒவ்வொரு முறையும் தொண்டை இன்னும் கொஞ்சம் வீங்கும். கடைசியில் பையால் கூடக் காற்று ஏறாது. ஆக்சிஜன் இல்லாமல் மூளை நாலைந்து நிமிஷம் தாங்கினாலே பெரிது. தயவுசெய்து அந்தப் 'பலூனை' மதியுங்கள்.

அன்றைக்கும் அந்தப் பைதான் கைகொடுத்தது. தாடியில் ஜெல்லியை அப்பி, நான் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, சிஸ்டர் பையை அமுக்க, 68 சதவீதத்தில் கிடந்த சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) 93க்கு வந்தது.

இளைய டாக்டர்களே, சிக்கலான மூச்சுப்பாதைக்கான மருத்துவர் சங்கமான பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015இலேயே சொல்லிவிட்டது: மூன்று முயற்சி, கைதேர்ந்தவர் வந்தால் இன்னும் ஒன்று. அதே பிளேடை அதே கோணத்தில் விட்டால் அதே ரத்தம்தான் தெரியும். தலையை உயர்த்துங்கள், பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய, வளையும் குச்சி) எடுங்கள், ஆளை மாற்றுங்கள். முடியவில்லையா, குரல்வளைக்கு மேலே பொருந்தி நிற்கும் ஐ-ஜெல் போடுங்கள். சிபிஆர் நடக்கும்போது டியூபுக்காக நெஞ்சை அமுக்குவதைப் பத்து விநாடிக்கு மேல் நிறுத்தாதீர்கள். எதிலுமே காற்று ஏறவில்லையென்றால் கழுத்தின் முன்பக்கம் கத்தி வைத்து மூச்சுப்பாதையைத் திறந்தே ஆக வேண்டும். 10ஆம் நம்பர் பிளேடு, பூஜி, 6 சைஸ் டியூப். கௌரவம் பார்க்க நேரமில்லை.

2005இல் இங்கிலாந்தில் எலைன் ப்ரொமிலி சைனஸ் ஆபரேஷனுக்குத்தான் போனார். மயக்கம் கொடுத்தபின் மூச்சுப்பாதை கிடைக்கவில்லை. அனுபவசாலிகளே டியூபோடு மல்லுக்கட்டினார்கள். டிராக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பது) செட் தயார் என்று ஒரு நர்ஸ் சொன்னதும் எடுபடவில்லை. எலைன் பிழைக்கவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு: மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குத்தான் போகும். பல்செட் இருந்தால் வந்ததும் சொல்லுங்கள். பாக்கும் பான் மசாலாவும் போடுகிறவர்கள் கண்ணாடி முன் வாயைத் திறந்து, உங்கள் மூன்று விரலை நிறுத்தி அடுக்கிப் பாருங்கள். நுழையாவிட்டால் இப்போதே டாக்டரைப் பாருங்கள். நெருக்கடியில் அந்த வாய்க்குள் நாங்கள் எதையும் நுழைக்க முடியாது. முந்தைய ஆபரேஷனில் "டியூப் போடச் சிரமம்" என்று எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால், பீரோவில் பூட்டி வைக்காமல் போனில் படம் எடுத்து வையுங்கள்.