வெள்வேலங்காய் தின்றால் ஆடு சாகுமா?

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவருக்குக் கோடை தொடங்கினால் இப்படி ஓர் அழைப்பு வராமல் இருக்காது. "டாக்டருங்களா, காலைல ஓட்டிவிட்டப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. இப்ப நாலு ஆடு வயிறு ஊதி விழுந்து கெடக்குதுங்க. பாம்பு தீண்டியிருக்குமுங்களா?" ஒரே நேரத்தில் நாலு ஆட்டைக் கடிக்கிற பாம்பு எங்கே இருக்கிறது? போய்ப் பார்த்தால் பக்கத்திலேயே வெள்வேல் என்கிற முள்மரத்தின் காற்றில் ஒடிந்த கிளை ஒன்று கிடக்கும், ஆடு தின்று தழையெல்லாம் மொட்டையாகி.

அதற்காக மரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமே வெள்வேலை நம்பித்தான் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே குடை விரித்த மாதிரி வெள்வேல். மழை குறைந்த செம்மண், சரளை நிலத்தில் வெகு சில மரங்களே இவ்வளவு சுலபமாக நிற்கும். வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிறது. வெயிலில் மாடு படுத்து அசைபோட நிழல் தருகிறது. கட்டை விறகுக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஆகும், பட்டை தோல் பதனிடப் பயன்படும். அந்தக் காலத்தில் இந்தப் பட்டையை ஊறவைத்துத்தான் பட்டைச் சாராயம் காய்ச்சினார்கள். அதைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

சித்திரை, வைகாசியில் புல் கருகிப்போன நேரத்தில் மரத்தடியில் உதிரும் நெற்றுதான் (முற்றிக் காய்ந்த காய்தான்) செம்மறிக்குப் பெரிய தீனி. தொரட்டியால் ஓர் உலுக்கு உலுக்கினால் பட்டியே ஓடி வரும். நன்றாக முற்றிக் காய்ந்து தானாக உதிர்ந்த நெற்றை மற்ற மேய்ச்சலோடு தின்னும் ஆடுகளுக்குப் பெரும்பாலும் தொந்தரவு வருவதில்லை.

வம்பு வருவது பச்சைக் காயிலும் கொழுந்திலும் வாடிய தழையிலும்தான். சோளத்தட்டில் இருப்பது போலவே இதிலும் சயனைடை உண்டாக்கும் சேர்மம் உண்டு. மெல்லும்போதும் தழை வாடும்போதும் அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. ரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடம்பின் செல்கள் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. கொஞ்சமாகத் தின்றால் ஆட்டின் உடம்பே முறித்துவிடும். வெறும் வயிற்றோடு ஓட்டிவந்த ஆடு அவதி அவதியாக மேய்ந்தால்தான் ஆபத்து.

அறிகுறிகள் வேகமாக வரும். மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், தள்ளாடும், விழுந்து காலை உதைக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வழக்கமாக மூச்சுக்குத் திணறும் ஆட்டின் ஈறு நீலம் பூக்கும். இந்த நஞ்சிலோ தொடக்கத்தில் பளீரென்று சிவந்திருக்கும். அதைக் கண்டால் நேரம் கடத்தாதீர்கள். சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

வயிறு ஊதியிருக்கிறதே என்று எண்ணெய் புகட்டுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். மூச்சு வாங்கும் ஆட்டுக்கு எதைப் புகட்டினாலும் நுரையீரலுக்குள் போய்விடும். செய்யாதீர்கள். மற்ற ஆடுகளை உடனே அங்கிருந்து ஓட்டிவிட்டு, மருத்துவரையோ 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையோ கூப்பிடுங்கள். "வெள்வேல் தின்றிருக்கிறது" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இந்த நஞ்சை முறிக்க மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் ரத்தக்குழாயில் ஏற்றவேண்டும். எல்லா மருந்துப் பெட்டியிலும் அவை எப்போதும் இருக்காது, அதனால்தான் போனிலேயே சொல்லச் சொல்கிறேன். சரியான நேரத்துக்குள் ஏற்றிவிட்டால் விழுந்த ஆடு எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். செத்ததைக் கறி போடவேண்டாம், புதைத்துவிடுங்கள்.

மரத்தில் பச்சைக் காய் தொங்கும் மாதங்களில் காலையில் கொஞ்சம் உலர்தீவனம் போட்டுவிட்டு ஓட்டுங்கள். காற்றடித்த மறுநாள், ஆட்டுக்கு முன்னால் நீங்கள் காட்டை ஒரு சுற்று சுற்றி, ஒடிந்த கிளைகளை வேலிக்கு வெளியே இழுத்துப் போடுங்கள். கவாத்து செய்த தழைக்கும் இதே கதைதான்.

ஆடு செத்த ஆத்திரத்தில் மரத்தையே வெட்டியவர்கள் உண்டு. சீமைக்கருவேலத்தை எடுக்க வந்த ஜேசிபி, முள்ளைப் பார்த்ததும் வெள்வேலையும் சேர்த்துப் பிடுங்கியதும் உண்டு. வண்டி வருவதற்கு முன் வெளிறிய பட்டையுள்ள மரங்களில் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வையுங்கள். இழந்த இடத்தில் மீண்டும் வளர்க்க நாற்றங்கால் வேண்டியதில்லை. நெற்று தின்ற செம்மறியை அங்கே பட்டி போட்டால் புழுக்கையோடு விதை விழும். மழை பெய்ததும் முளைக்கும். முளைத்த கன்று தலைக்கு மேல் வளரும்வரை ஆடு எட்டாதபடி கிளுவைமுள் வெட்டிச் சுற்றிலும் கட்டுங்கள்.