ஃபிட்டிங் என்றால் இறுக்கம் இல்லை

போன வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணி. இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டனில் அந்த நேரத்துக்குக் கடைத்தெரு அடங்கிப் பனி இறங்கிவிடும். எனக்கு வீடு என் தையல் கடைக்குப் பின்னால்தான் என்பதால் தட்டியதும் திறந்தேன். தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த ஒரு அம்மாவும் மகளும். விடிந்தால் மகளுக்குக் கல்யாணம். பையிலிருந்து ராமர் பச்சை நிறத்தில் ஒரு பிளவுஸை எடுத்தார்கள். சென்னையிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ரெடிமேட், முதுகிலும் கையிலும் கொக்கி ஊசியால் போட்ட ஆரி வேலை, உறையில் 36 என்று போட்டிருந்தது. "பிள்ளைக்கும் முப்பத்தாறுதான் அக்கா, கொஞ்சம் பிடிக்குது, லேசா பிரிச்சுவிட்டா போதும்" என்றார் அம்மா.

போட்டுக் காட்டச் சொன்னேன். கொக்கி எல்லாம் மாட்டிவிட்டாள், நேராக நின்றால் ஒரு குறையும் தெரியவில்லை. "மாலை போடுற மாதிரி கையத் தூக்கும்மா" என்றேன். தோள் உயரம்கூட வரவில்லை, இடது அக்குளில் சர்ரென்று இரண்டு அங்குலம் கிழிந்தது. கழற்றி உள்பக்கம் திருப்பினேன், பிரித்துவிட அங்கே துணியே இல்லை. கால் அங்குலம் விட்டு, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து முடித்திருக்கிறார்கள். பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாரியோடு வந்த பிளவுஸ் துணி எங்கே என்று கேட்டால், ரெடிமேட்தான் இருக்கிறதே என்று அதைத் தங்கச்சிக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். கடைசியில் சாரியின் உள்முனையில், இடுப்பில் செருகி மறைந்துபோகிற இடத்தில், நாலு விரல் துணி வெட்டி இரண்டு அக்குளிலும் கட்டம், அதாவது ஒரு சின்னச் சதுரத் துண்டு, வைத்துத் தைத்தேன். முடிக்கும்போது இரவு ஒன்றரை. காலையில் அந்தப் பிள்ளை கை தூக்கி மாலை போட்டாள் என்று கேள்விப்பட்டேன், அதில் சந்தோஷம்தான். ஆனால் இந்த வருஷம் மட்டும் எனக்கு இது ஐந்தாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். 36 என்று போட்டால் சில கம்பனிக்கு அது உடம்பின் மார்புச் சுற்று, சில கம்பனிக்குத் தைத்து முடித்த துணியின் சுற்று. உடம்பும் 36, துணியும் 36 என்றால் மூச்சு விடுவது எங்கே? அதனால் உறையில் இருப்பதை நம்பாதீர்கள். துணியை மேசையில் விரித்து, கொக்கி மாட்டி, டேப் வைத்து அளந்து பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

அதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஃபிட்டிங்கா வேணும் அக்கா" என்பார்கள். சரி என்று மார்புச் சுற்றுக்கு மேல் ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டித் தைத்தால், போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இரண்டு விரலால் துணியைப் பிடித்துக் காட்டி, "இவ்வளவு லூஸா இருக்கே, இன்னும் பிடிங்க" என்பார்கள். இறுக்கினால் ஒல்லியாகத் தெரிவோம் என்று எப்படியோ எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. தெரியாது. இறுக்கினால் மார்பிலிருந்து அக்குளுக்குக் குறுக்குக் குறுக்காகச் சுருக்கம் விழும், கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவில் துணி வாய் பிளக்கும், முதுகில் பிளவுஸின் கழுத்து வெட்டுக்கு மேலேயும் பட்டிக்குக் கீழேயும் சதை பிதுங்கும். பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். எந்த இடத்தை மறைக்க இறுக்கச் சொன்னீர்களோ அதே இடத்துக்கு! அந்தப் படத்தில் இருக்கிற பெண் அசையாமல் நிற்கிறாள். அவள் அந்த பிளவுஸோடு பந்தியில் பரிமாறவில்லை, பிள்ளையைத் தூக்கவில்லை, பஸ் கம்பியைப் பிடிக்கவில்லை. சில நேரம் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்துத்தான் படமே எடுக்கிறார்கள்.

ஃபிட்டிங் என்பது தோளில் இருக்கிறது. தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். மார்புக்கு வடிவம் வரத் துணியை மடித்துப் பிடிக்கிற டார்ட்டின் முனை மார்பின் மேட்டுக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும், மேட்டின் மேலேயே போய்க் குத்தக் கூடாது. அப்புறம் அக்குள். கை தூக்க முடியவில்லை என்றதும் "அக்குளை இன்னும் இறக்கி வெட்டுங்க" என்பார்கள். தொழில் பழகுகிற பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள், நானும் என் அம்மாவிடம் திட்டு வாங்கித்தான் திருத்திக்கொண்டேன். அக்குளை ஆழமாக இறக்கினால், கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுவதும் கையோடு மேலே ஏறிவிடும். அக்குள் உடம்போடு ஒட்டி உயரமாக இருந்து, கையின் மேல் சுற்று தாராளமாக இருந்தால்தான் கை சுகமாகப் போய்வரும்.

மலையகத்துப் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். காலையிலிருந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு மேல் கையும் தோளும் முதுகும் உரமேறியிருக்கும். அவர்களை அளக்கும்போது நான் கைகளை முன்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி முதுகு அகலத்தை இரண்டாம் முறையும் எடுப்பேன். நேராக நிற்கும்போது வருகிற அளவைவிட அது கூடத்தான் வரும். கடையில் தொங்குகிற ரெடிமேட் கை அவர்களுக்கு ஏறாததில் என்ன அதிசயம்? ஆனால் வருகிறவர்கள் துணியைக் குறை சொல்வதில்லை, "என் கை ரொம்பக் குண்டு அக்கா" என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். போன மாசம் பதினேழு வயசுப் பிள்ளை ஒன்று, இந்த பிளவுஸுக்காக ஒரு கிழமை சோறு சாப்பிடவில்லை என்றாள். தாய்மாரே, தயவுசெய்து அந்தப் பேச்சை வீட்டில் வளர விடாதீர்கள். துணியைத்தான் வெட்டித் திருத்த வேண்டும், அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், டேப்பைப் போடும்போது என் கண்ணில் படுவது. உள்பாவாடை நாடா அழுத்தி அழுத்தி, இடுப்பைச் சுற்றிக் கறுத்த தழும்பு, சிலருக்குத் தோல் உரிந்தே இருக்கும். அதற்கு மேல் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றுகிற சாக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்கு அது ஆறுவதே இல்லை. "சாரி கட்டுறவங்களுக்கு இதெல்லாம் சகஜம்தானே" என்கிறார்கள். சகஜம் இல்லை. 1945இலேயே பம்பாய் மருத்துவர்கள் வேட்டி இறுக்கிக் கட்டுகிற இடத்தில் வந்த புற்றுநோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில், பல வருஷம் சாரியை இடுப்பில் இறுக்கிக் கட்டிய இரண்டு இந்தியப் பெண்களுக்கு அந்த இடத்துப் புண் புற்றாக மாறியதை மருத்துவர்கள் எழுதினார்கள். இது மிக அரிதாக வருவது, பயப்பட வேண்டாம். ஆனால் ஆறாத புண் இருந்தால் என்னிடம் களிம்பு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கறுப்பு மட்டும்தான் என்றால் கயிறு நாடாவை எடுத்துவிட்டு இரண்டு அங்குல அகலத்தில் பட்டி வைத்துத் தரச் சொல்லுங்கள், முடிச்சு தினமும் ஒரே இடத்தில் விழாமல் மாற்றிக் கட்டுங்கள், வீட்டில் இருக்கும்போது தளர்த்துங்கள்.

இந்தியாவில் வருகிறதைப் பார்த்துத்தான் நாங்கள் தைக்கிறோம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் முழுதாகப் பாருங்கள். டிசைனர் சப்யசாச்சி முகர்ஜி முழுக்கை பிளவுஸைப் போட்டுச் சாரிக்கு மேல் பெல்ட் கட்ட வைத்தார். இன்னொரு டிசைனர் அனவிலா மிஸ்ரா லினன் சாரியை உடம்பில் இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக விழ விடுகிறார். அங்கே இளம் பெண்கள் சட்டைக்கு மேல், ஏன், ஸ்வெட்டருக்கு மேல்கூடச் சாரி கட்டுகிறார்கள். நுவரெலியாக் குளிரில் நடுங்குகிற நமக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது, அதை மட்டும் யாரும் கேட்டு வருவதில்லை! முதுகு திறந்த, கை இல்லாத பிளவுஸை தைமாசக் குளிரில் தைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் அதன் மேல் அண்ணனின் ஜாக்கெட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டைக்கு மேல் சாரி கட்டுவது பாரம்பரியம் இல்லை என்று பெரியவர்கள் தடுப்பதும் உண்டு. இன்றைக்கு நாம் பிளவுஸும் உள்பாவாடையும் போட்டுச் சாரி கட்டுகிற விதத்தைப் பரப்பியதில் பெரிய பங்கு தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவிக்கு உண்டு. 1860களில் பம்பாய்க்குப் போய், பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்துத் தனக்கு வசதியாக மாற்றிக்கொண்டவர் அவர். அவரும் வசதியைப் பார்த்துத்தான் மாற்றினார்.

இனி ரெடிமேட் வாங்குகிறவர்களுக்கு. வாங்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பக்கத் தையலில் ஒரு அங்குலமாவது துணி விட்டிருக்க வேண்டும், ஆரி வேலை தையல் வரைக்கும் ஓடியிருந்தால் பெரிதாக்கவே முடியாது. ஆன்லைனில் எடுக்கிறவர்கள் தைக்காத துணியாகவே எடுங்கள், இல்லாவிட்டால் லெஹங்கா செட்டில் பிளவுஸ் மட்டுமாவது தைக்காததாக இருக்கட்டும். சாரியோடு வருகிற பிளவுஸ் துணியை, கல்யாணம் முடியும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். பருத்தி லைனிங்கை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட விட வேண்டும், மழைக்காலத்தில் இங்கே அது காயவே இரண்டு நாள் எடுக்கும். ஜரிகையில் சென்ட் அடிக்காதீர்கள், கறுத்துவிடும். நைலான், பாலியஸ்டரில் வருகிற நெட், ஜார்ஜெட் துப்பட்டாவோடு விளக்கேற்றவோ அடுப்படிக்கோ போகாதீர்கள், அது எரிந்தால் உருகித் தோலில் ஒட்டும். மோட்டார் சைக்கிளில் ஏறும் முன் துப்பட்டாவை முடிச்சுப் போட்டு மடியில் வையுங்கள், இதை நான் எத்தனை தடவை சொல்லிவிட்டேன்.

அளவு கொடுக்க வரும்போது, அன்றைக்கு உள்ளே என்ன போடப் போகிறீர்களோ அதையே போட்டு வாருங்கள், ஸ்வெட்டரைக் கழற்ற வெட்கப்படாதீர்கள். நிலம் தொடுகிற அனார்கலி, லெஹங்கா என்றால் அன்றைய செருப்பையும் கொண்டு வாருங்கள், லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகளின்) படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், ஒரு அங்குலம் குறைத்து வெட்டுவேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் வாருங்கள். தைத்ததை வாங்கும்போது கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் போதாது, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குனிந்து செருப்பு வாரைப் பூட்டுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். எங்காவது பிடித்தால் அங்கேயே சொல்லுங்கள், மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது, அப்போதே பிரித்துத் தருகிறேன்.